செவ்வாய்க்கிழமை மட்டும் இருக்க வேணும்

மொன்றியலில் ஒரு சின்ன அறைக்குள் இருந்துகொண்டு அமெரிக்காவின் ஒரு மாநிலச் சட்டசபையைத் தனியொருவராகக் கட்டி மேய்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஏழுமணியார். அவர் தங்களை மேய்க்கிறார் என்பது அந்தச் சட்டசபைக்குக் கடைசிவரை தெரியாது.

கார்ட்டியர்வில்லில் எங்கள் அடுக்குமாடியில் அவர் எனக்கு எதிர்க்கதவு. விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு சீஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை செய்து, அமெரிக்கக் குடியுரிமையும் எடுத்து, மனைவி இறந்தபின் மகன் கூப்பிட்டான் என்று இங்கே வந்தவர். வந்த அடுத்த வருடமே மகனுக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது. மகன் போய்விட்டான். சோபாவும் இவரும் மிச்சம். கடையில் பூட்டீன் என்ற சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினால் அதிலுள்ள சீஸ் கட்டியை எடுத்துக் கடித்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்பார். "புதுச் சீஸெண்டா பல்லிலை கிறீச்செண்டும். இது பழசு" என்று கடைக்காரனிடம் திருப்பி நீட்டுவார். அவன் பிரெஞ்சில் என்னவோ சொல்வான். இவர் நன்றிக்கு "மெர்சி" என்பார்.

பெயர் வந்த கதை இதுதான். அமெரிக்கக் குடிமகன் என்பதால் அவர் இங்கே இருந்தே விஸ்கொன்சினுக்குத் தபாலில் வாக்குப் போடுவார். விஸ்கொன்சின் சட்டப்படி, தபாலில் அனுப்பிய வாக்கு எவ்வளவு முந்திப் போய்ச் சேர்ந்தாலும், தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் அந்த உறையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முந்தித் திறக்க விடலாமா என்று அங்கே வருடக்கணக்காக இழுபறி. மசோதா ஒரு சபையில் தேறும், மற்றச் சபையில் படுத்துவிடும். கனடாத் தேர்தலைப் பற்றிக் கேட்டால் மனிதர் கொட்டாவி விடுவார். இந்த ஏழு மணியைத் தொட்டாலோ, தொட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டார்.

ஒரு பிறந்தநாள் வீட்டில், பிள்ளை கத்தியும் கையுமாக நிற்க, "கேக்கை எப்பவும் வெட்டலாம், உறையை அப்பிடி வெட்டேலாது" என்று தொடங்கினார். மெழுகுதிரி உருகிக் கேக்கில் ஊற்றிவிட்டது. அதற்குப் பிறகு அவரை அழைப்பதைச் சனம் மெல்லக் குறைத்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் வெளிக்கிட்டு, சேர்ட் மாட்டி, ஒருவரும் கூப்பிடாமல் கதவடியில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

"அண்ணை, நீங்க வோட்டுப் போட்டாச்சு. அவை உறையை எப்ப திறந்தா உங்களுக்கென்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளை, ஊரிலை ஒருக்காத்தான் வோட்டுப் போடப் போனனான். எனக்கு முந்தி ஆரோ என்ரை பேரிலை போட்டிட்டுப் போயிட்டான். இஞ்சை எனக்கு வோட்டில்லை. என்னை ஒரு ஆளெண்டு எண்ணுற இடம் இந்த உலகத்திலை விஸ்கொன்சின் ஒண்டுதான். போடுறது பெரிசில்லை. எண்ண வேணும்."

கடைசித் தேர்தலுக்கும் வழமைபோல் நேரத்துக்கே அனுப்பினார். உறையில் சாட்சிக் கையெழுத்து நான்தான் வைத்தேன். இலை கொட்டி முடிகிற நேரம், இதயம் களைத்து நெஞ்சில் நீர் கோத்து மனிதர் ஆஸ்பத்திரியில் விழுந்தார். அப்போதுதான் அந்தச் சட்டத்தின் மற்றப் பக்கமும் எனக்குத் தெரிந்தது: தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமைக்கு முன் வாக்காளர் இறந்து, அது அங்கே தெரியவந்தால், வாக்கைச் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள்; உறையைத் திறந்தபின் தள்ளமுடியாது.

"அந்த மசோதாவைப் படுக்கப் போடாமல் விட்டிருந்தாங்களெண்டா நான் திங்கட்கிழமை சாகலாம். இப்ப செவ்வாய் மட்டும் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டிக் கிடக்கு" என்றார். உண்மையாகவே எரிச்சல்பட்டார்.

டொக்டர் இளம் பெட்டை. பிரெஞ்சில் நான்தான் மொழிபெயர்த்தேன். மற்ற நோயாளிகள் வருடங்கள் கேட்பார்கள். இவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியைக் கேட்டார். விஸ்கொன்சினில் ஏழு என்றால் இங்கே எட்டு. அவள் என்னைப் பார்த்தாள். நான் எந்தப் பிரெஞ்சில் இதை விளக்குவது?

இதற்குள் வந்து சேர்ந்தார் எங்கள் அறிவித்தல் மாஸ்டர். மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருப்பவர். ஆர் செத்தாலும் மற்றவர்களுக்கு முந்தி இணையத்தில் மரண அறிவித்தல் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கோயில் பிரசாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஏழுமணியாரை ஸ்கான் எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். கட்டில் வெறுமை, விரிப்பும் புதிது. தாதியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? பிரசாதத்தை வைத்துவிட்டுப் போய், "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், விஸ்கொன்சினை வதிவிடமாகவும், மொன்றியலைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட" என்று படத்தோடு போட்டுவிட்டார்.

பொழுதுபடமுன் லண்டன், பாரிஸ், சிட்னி எல்லாம் அழுதது. ஏழுமணியார் என் போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். பழக இனியவர். கலகலப்பான மனிதர். எங்கள் வீட்டு விழாக்களின் நாயகன். அந்தக் கேக் வீட்டுக்காரரும் எழுதியிருந்தார்.

"இவ்வளவு பேருக்கு என்னைப் பிடிச்சிருக்குப் பிள்ளை" என்றார். பிறகு முகம் மாறியது. "ஐயோ, விஸ்கொன்சினுக்கும் போயிருக்கும். வோட்டைத் தள்ளிப்போடுவாங்கள். எடு போனை."

விஸ்கொன்சினில் அவர் இருந்த ஊரின் நகரசபைத் தேர்தல் கந்தோரில் ஒரு பெண் எடுத்தாள். இவர் தம் ஆங்கிலத்தில், தான் இறக்கவில்லை என்றும், இணையத்தில் வந்தது பொய் என்றும், இதை எழுதிவைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவள் தமிழ் இணையத்தைக் கண்டாளா? ஆனால் நல்ல மனுசி, சிரிக்கவில்லை. உறை வந்திருக்கிறது, ஒட்டினபடி பத்திரமாக இருக்கிறது என்றாள்.

"தனியவோ கிடக்கு?" என்று கேட்டார்.

இல்லை, மற்ற எல்லா உறைகளோடும் ஒரு பெட்டியில் இருக்கிறது என்றாள். போனை வைத்துவிட்டு, "துணைக்கு ஆக்கள் இருக்கினம்" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

மாஸ்டர் அறிவித்தலை எடுத்துவிட்டு, ஆள் இருக்கிறார் என்று ஒரு திருத்தமும் போட்டார். அனுதாபம் எழுதியவர்களில் ஒருத்தரும் இருக்கிற ஆளோடு ஒரு சொல் கதைக்கப் போன் எடுக்கவில்லை. பேந்து எடுப்பினம், பிறகாவது எடுப்பினம் என்று ஏழுமணியார் தன் போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மகன் மட்டும் எடுத்தான். "அப்பா, இருக்கிறீங்களா? கிறிஸ்மஸுக்கு லீவு எடுத்து வாறன்."

"செவ்வாய்க்கிழமை மட்டும் இருப்பன்" என்றார் தகப்பன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல் சேர்ட் போட்டுவிடச் சொன்னார், போட்டுவிட்டேன். தாதி கொண்டுவந்த கஞ்சியைத் தொடவில்லை. எட்டு மணியானதும், "திறக்கிறாங்கள்" என்று மெதுவாகச் சொன்னார். கண் நிரம்பிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். "சரி பிள்ளை. அலுவல் முடிஞ்சுது. இனிப் போகலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயமும் வந்தது.

"எங்கை போறீங்க? நீங்க போனா எதிர்க்கதவிலை ஆர் இருக்கினம்? என்ரை மனுசனும் உயிரோடை இல்லை, மகள் ரொறன்ரோவிலை. வேலை முடிஞ்சு வந்தா ஒரு சொல் தமிழ் கதைக்க எனக்கு ஆரிருக்கினம்? நீங்க இருக்க வேணும் அண்ணை."

"எந்தத் தேர்தலுக்கு?"

"ஒரு தேர்தலுக்கும் இல்லை. எனக்கு."

ஏழுமணியார் கையை நீட்டிக் கண்ணாடியைத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றார். கஞ்சியைக் கிட்டத் தள்ளிவிடச் சொன்னார்.

பனி கரையும் மட்டும் இருந்தார். இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம், மனிசன்.