முருகையா பரிசம் போட்ட கொக்கட்டீல்

பூனாகலைத் தோட்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை துஷாந்த் அவர்களுக்கு,

மாமனார் வீரசிங்கம் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை பெரியாயியும் இந்த மழையிலும் மூட்டுவலியிலும் கடவுள் விட்டுவைத்த அளவுக்கு நலம். நீங்களும் எங்கள் ஜெயந்தினியும் மொனராகலை வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுகிறோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சிக்னல் இல்ல மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

ஃபெக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற மனுசனை, வெளிநாட்டுச் செல்லப்பிராணி வளர்த்து விற்கலாம் என்று கிளப்பிவிட்டவர் நீங்கள். முதலில் அனுப்பிய ஹம்ஸ்டரைப் பார்த்து, "லயத்து வீடுகள்ல எலி சும்மாவே ஓடுது, இதுக்கு யாரு காசு கொடுப்பா?" என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். சரியென்று கொக்கட்டீல் கிளிக்கு மாறினேன். தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்பொட்டு, பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதான் பறவையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்றீர்கள். எப்படி வாங்குவது என்று சொல்லவில்லை. அங்கேதான் குடி கெட்டது.

கீழ் டிவிசன் முருகையா தன் வீட்டு ஆண் கொக்கட்டீலுக்கு ஜோடியாக ஒரு பெண் பறவை கேட்டார். என்னிடம் இருந்த குஞ்சு சத்தமே போடாததால் அதைப் பெண் என்று சொன்னேன். "சத்தம் போடலேன்னா பொண்ணா? இந்த வீட்ல இருந்துக்கிட்டா அப்படிச் சொல்றீங்க?" என்று உங்கள் அத்தை அப்போதே கேட்டாள், நான்தான் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை முருகையா சம்சாரத்தோடு வந்தார். கையில் தட்டு; அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே அட்வான்ஸ். நான் பணத்தை மட்டும் எடுக்கப் போனேன். அதற்குள் அடுப்படியிலிருந்து வந்த உங்கள் அத்தை, தட்டைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, அந்தம்மாவுக்குக் குங்குமம் கொடுத்து, பாலைக் காயவைத்துவிட்டாள். முருகையா என் கையைப் பிடித்து, "அப்புறம் என்ன சம்பந்தி, பரிசம் போட்டாச்சு. ஆடி கழியட்டும், வந்து அழைச்சிக்கிட்டுப் போறோம்" என்றார். வியாபாரி என்றால் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். நான் "ஆகட்டுங்க" என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் வேன் பிடித்துப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்கா, அக்கா வீட்டார், அந்த வீட்டாரின் சம்பந்தி, எல்லாருக்கும் டீ, பிஸ்கட். ஒரு கிழவி கூண்டை எட்டிப் பார்த்து, "பொண்ணு எளைச்சிருச்சே, ஒழுங்கா சோறு போடுறாங்களா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். இப்படியிருக்க ஒரு நாள் காலையில் அந்தப் பெண், கொண்டையை நிமிர்த்தி, கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போது அதோடு சேர்ந்து விசிலடிக்கத் தொடங்கியது. அப்படி விசிலடிப்பது ஆண்தானாம், மாப்பிள்ளை.

"பொண்ணுன்னு சொல்லித் தட்டு வாங்கிட்டு இப்ப பையன்ங்கிறீங்களே, நல்லாருக்கா?" என்று முருகையா குதித்தார். அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றேன். காதைப் பொத்திக்கொண்டார். "பரிசத்தைத் திருப்பி வாங்குறதா? எம் மகளுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன், அப்படி வாயில கூட வைக்காதீங்க. எங்க வீட்டுக்குப் பேசினது வேற வீட்டுக்கும் போகக் கூடாது." பணமும் வேண்டாமாம், பறவையும் வேண்டாமாம், விற்கவும் கூடாதாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் கலாராணி டீச்சர் ரோட்டில் போகும்போது விசிலைக் கேட்டு நின்றார். கணவர் கட்டார் நாட்டில் வேலையில் இருக்கிறார். "பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனா செவுரு மட்டுந்தாங்க ஐயா. இப்படி ஒரு சத்தம் இருந்தாப் போதும்" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் போனிலேயே அட்வான்ஸை அனுப்பிவிட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் சாயந்திரம் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, "இன்னைக்குக் கொண்டு போகலாமாங்க ஐயா?" என்கிறார். "ஆடி கழியட்டும்மா" என்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

நீங்கள் லீசிங் கம்பெனியில் இருப்பவர். ஒருவனும் தப்ப முடியாத மாதிரி ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர். ஆகையால் வாசலில் மாட்ட ஒரு பலகைக்கு வாசகம் எழுதித் தர வேண்டும். ஒரு பறவைக்கு ஒரே அட்வான்ஸ், சொன்ன தேதியில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு, ஆணா பெண்ணா என்பதற்கு நான் பொறுப்பில்லை, பெண் பார்க்க வரக் கூடாது, வெற்றிலை பாக்கு ஏற்கப்படமாட்டாது. வீட்டம்மா கையில் எதைக் கொடுத்தாலும் செல்லாது என்பதையும் சேருங்கள், ஆனால் அவள் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவு பொடி எழுத்தில். சிங்களத்திலும் வேண்டும்.

உங்கள் வீட்டில் அடுப்பும் பேச்சும் அணையாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் வீரசிங்கம்.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி ஒரு வாரமாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இதற்கிடையில் ஒரு சாயந்திரம் முருகையா வந்தபோது டீச்சர் வேலியோரம் நின்றிருந்தார். யார், என்ன என்று உங்கள் அத்தை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். முருகையா, "மருமகளாத்தான் எடுக்க முடியல. மகனா நெனச்சுத் தத்துக் குடுத்தா குத்தமில்லையே" என்று கூண்டைத் தானே தூக்கிக்கொண்டு டீச்சருக்கு முன்னால் அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். இன்றைக்கு ஞாயிறு, வேன் அங்கே போயிருக்கிறது. பறவை பாடுகிறதா என்று போன் போட்டேன். "எங்கங்க ஐயா! இவுங்க எல்லாரும் போடுற சத்தத்துல அது வாயே தொறக்கல" என்று டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். உங்கள் அத்தை போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே பலகை வேண்டாம். அவசரப்பட்டுப் பண்டாரவளை பெயின்டர் இன்ஸாபுக்கு அதற்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். திருப்பிக் கேட்டால், "கடைச் செவுத்துல எழுதியிருக்குதானே ஐயா, பாக்கலயா?" என்கிறார். எழுதித்தான் இருக்கிறது, பெரிய எழுத்தில், மூன்று பாஷையிலும்.