கோஸ்கெலாவின் முதல் பக்கம்

"தொடக்கத்தில் உயிரில்லை. மாற்றி அனுப்பவும்."

ஒன்பது வருஷம் எழுதிய நாவலுக்கு மினியாபொலிஸ் பதிப்பகத்திலிருந்து வந்த பதில் இவ்வளவுதான். ஆர்விட் கோஸ்கெலா அதை நான்கு முறை படித்தார். நான்காம் முறை கடிதம் அவர் கையிலேயே கசங்கியது.

"உயிரில்லையாம்! முப்பது வருஷம் டுலூத் ஊர்ப் பனியில ஸ்கூல் பஸ் ஓட்டினவன்கிட்ட சொல்றான் பாரு!"

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றாள் மனைவி லோர்னா. "கல்யாணப் பந்தியில ஆரம்பிச்சா யாரு படிப்பா? ஒரு பனிப்புயலை வை."

வைத்தார். புயல் நன்றாகத்தான் அடித்தது. ஆனால் சாலையெல்லாம் மூடிக்கொண்டதில், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அப்பாவைத் தவிர யாராலும் வந்துசேர முடியவில்லை. பெண் உட்பட.

சனிக்கிழமை ஹாக்கி பார்க்க வந்த லோர்னாவின் தம்பி ட்வைட், பியரும் கையுமாகப் படித்தான். "புயல்தான் ஜன்னலைத் திறந்தாலே வருதே மச்சான்! முதல் வரியில ஒரு பிணம் விழணும்."

விழுவதற்கு ஆள்? இருந்தது அப்பா ஒருவர்தான். போட்டுத் தள்ளினார். அப்புறம்தான் உறைத்தது, அந்த அப்பா பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மீன் பிடிக்க வேண்டியவர். பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பிழைக்க வைத்து, மாப்பிள்ளையின் மாமனைப் புயலைத் தாண்டி வரவழைத்துக் கொன்றார். எழுதும்போது இருந்த ஆத்திரத்தில் அந்த மாமனுக்குத் தொந்தியும், கேட்காமலே யோசனை சொல்லும் வாயும் தானாக முளைத்துவிட்டன.

அடுத்த சனிக்கிழமை ட்வைட்டின் முகம் சிவந்தது. "இது நான்தானே?"

"இல்லடா."

"மீசையில பியர் நுரையோட செத்துக் கிடக்கிறான். நான்தான்!"

வீடு அதிரக் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

"என் தம்பியை ஒரு வார்த்தை பேசவிடாம கொன்னுட்டியே!" என்று லோர்னா கத்தினாள்.

"அவனைப் பேசவிட்டா நாவல் எப்படி முடியும்?"

லோர்னா பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆர்விட் காரை எடுத்தார். இரண்டரை மணி நேரமும் திட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனார். பதிப்பக வாசலில், மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா உங்க எடிட்டர்? கூப்பிடு அந்தாளை! அவர் பேச்சைக் கேட்டு ஒரு அப்பனைக் கொன்னேன், பொழைக்க வெச்சேன், மச்சானைக் கொன்னேன். இப்ப பொண்டாட்டியும் போயிட்டா!"

அந்தப் பெண்ணின் கை தொலைபேசியை நோக்கி நகர்ந்தது. அதற்குள் அவர் கசங்கிய கடிதத்தை மேஜைமேல் வீசினார். அவள் அதைப் பிரித்துப் படித்தாள், அவர் பெயரைக் கேட்டாள், எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கனத்த பொட்டலம் இருந்தது. மேலே ஆர்விட்டின் கையெழுத்து. நாலு பக்கமும் அவர் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார், உறை மாறிப்போச்சு. இந்தக் கடிதம் வேற ஒருத்தருக்கு எழுதினது. உங்க நாவலை இன்னும் யாரும் திறக்கவே இல்லை."