படுத்து விழுங்க வேண்டிய மாத்திரை

பேருந்து ஓட்டுநருக்குத் தைராய்டு புற்றுநோய். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு அது அசைந்து கொடுக்காமல் நுரையீரல் வரை போய்விட்டது. கட்டியை வளரத் தூண்டும் மரபணுக் கோளாறை மட்டும் குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தினமும் வீட்டிலேயே தண்ணீரோடு விழுங்கலாம். விலையைக் கேட்டால் அந்தத் தண்ணீரும் இறங்காது.

காப்பீட்டு அலுவலகத்தில் அனுமதி அதிகாரி மிகுந்த கனிவோடு விளக்கினார். மேன்மை தங்கிய திட்டத்தின்படி, மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தரும் மருந்துக்குத்தான் அலுவலகம் பொறுப்பு. ஓட்டுநரோ நின்றுகொண்டிருக்கிறார்.

"மாத்திரை முழுங்க எதுக்கு சார் படுக்கணும்?" என்று கேட்டார் ஓட்டுநரின் மனைவி.

"நிக்கிறவரை நான் எப்படிம்மா நோயாளின்னு நம்புறது?"

படுத்தால் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, தாராளமாக என்றார்.

ஆகவே ஓட்டுநர் தினமும் காலையில் மருத்துவமனைக்கு நடந்து போய், கட்டிலில் படுத்து, மாத்திரையை விழுங்கி, எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி ஒன்று, மரியாதைக்காக. கட்டி சுருங்கியது, இருமலும் குறைந்தது.

செய்தி பரவியது. மாத்திரையை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வந்து வரிசையில் நின்றோம். உண்மையிலேயே நிற்க முடியாதவர்களுக்குக் கட்டில் இல்லாததால் நாற்காலி போட்டார்கள். கட்டில்கள் நிரம்பி வழிவது திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று அலுவலகம் அறிக்கை விட்டது.

ஒருநாள் அந்த அனுமதி அதிகாரியையே நெஞ்சுவலியோடு தூக்கி வந்தார்கள். நாற்காலிகூடக் காலியில்லை. மாத்திரையைக் கையில் வைத்திருந்த ஓட்டுநர் இரக்கப்பட்டு எழப் போனார்.

"எழுந்திரிச்சீங்கன்னா இன்னிக்கு மாத்திரை கிடையாதுங்க" என்று நர்ஸ் விதியை நினைவூட்டினார்.

கடைசியில் அதிகாரியையும் அதே கட்டிலில், தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்தார்கள். ஓட்டுநரின் பாதங்களுக்குப் பக்கத்திலிருந்து அவர் மெல்லிய குரலில் கேட்டார்:

"இன்னும் எவ்வளவு நாளைக்கு இப்படி வருவீங்க?"

"மாத்திரை வேலை செய்யற வரைக்கும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் கட்டில் காலியாகும்."

வரிசையில் நின்ற நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆளுக்கு ஓர் அடி முன்னால் நகர்ந்து நின்றுகொண்டோம்.