ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளையின் நாக்கு

கல்கத்தா,
12 பிப்ரவரி 1945

தூத்துக்குடி வத்தல் மண்டி, மரியாதைக்குரிய ஆறுமுகநயினார் அண்ணாச்சி சமுகத்துக்கு, கருப்பட்டிக் கடை சொரிமுத்து கும்பிட்டு எழுதுவது. இவ்விடம் நானும் மகள் முத்துக்கனியும் க்ஷேமம். மாப்பிள்ளை க்ஷேமமா இல்லையா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை என்பதால் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். என் வீட்டில் வடிவம்மாளிடம் மூச்சு விடவேண்டாம்.

பொங்கல் கழிந்ததும் முத்துக்கனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவான நம் மாப்பிள்ளை, வாரத்தில் ஆறு நாள் தங்கமான மனுஷனாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, 'ஆபீஸ் வேலை' என்று கிளம்பிவிடுகிறாராம். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பும்போது உதடு சிவந்து வீங்கியிருக்குமாம், கண் கலங்கியிருக்குமாம், ஏதாவது கேட்டால் நாக்குக் குழறுமாம், சுவரில் சாய்ந்து தானாகச் சிரிப்பாராம். "எப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று முடித்திருந்தாள். அண்ணாச்சி, சிவந்த உதடு, கலங்கின கண், குழறுகிற நாக்கு! இதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ள? கருப்பட்டிக்குக் கல்கத்தாவில் கிராக்கி என்று வடிவம்மாளிடம் சொல்லிவிட்டு ரயிலேறினேன். வண்டி நிறையப் பட்டாளத்தார். எதிரே இருந்தவன் என் மூட்டையில் என்ன என்று இரண்டு தடவை கேட்டான். நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினேன். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கே வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார். குற்றமில்லாதவன் இவ்வளவு மரியாதை காட்டுவானா?

நேற்று ஞாயிறு. நாலு மணிக்கு அவர் கிளம்ப, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நானும் பின்னாலேயே அதே டிராமில் ஏறினேன். சீனாக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் இறங்கினார். வரிசையாக நாலைந்து சாப்பாட்டுக் கடைகள். வாசலில் நின்று கூப்பிட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசிக்கு வந்தவனாக இருந்தால் முதல் கடையிலேயே நுழைந்திருக்க மாட்டானா? பெயர்ப்பலகையே இல்லாத ஒரு வீட்டின் மரப்படியில் ஏறினார். பின்னாலேயே ஏறினேன். மேலே மிளகாய் வத்தல் கருகும் புகை. அடக்கி அடக்கிப் பார்த்தும் எட்டுத் தும்மல் வந்துவிட்டது.

"மாமா! நீங்க எதுக்கு இங்கன வந்தீக?"

"அத நான்லா கேக்கணும்! எங்க அவ?"

"எவ மாமா?"

பொம்பிளை யாரும் இல்லை. நாலு மேசை, நாலைந்து சீனப் பட்டாளத்தார், அடுப்படியில் லியாங் என்ற ஒருவன். செச்சுவான் என்கிற உள்நாட்டுச் சீமையிலிருந்து பட்டாளத்துக்குச் சமைக்க மலை தாண்டி வந்தவனாம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"மாமா, முத்துக்கனி பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாகிட்ட சமையல் படிச்சிருக்கா. பருப்புல சீனி, மீன்குழம்புலயும் சீனி. ஆசையா வைக்கா, நல்லா இல்லன்னு எப்படிச் சொல்ல? நாக்கு செத்துப்போச்சு. ஆறு மாசம் இந்தத் தெருவுல கடைகடையா ஏறி எறங்குனேன். எல்லாம் கடக்கரைச் சீனாக்காரங்க, ஒருத்தனுக்கும் ஒறைப்புன்னா என்னன்னு தெரியல. இவன் ஒருத்தன்தான் நம்மள மாதிரி."

நான் நம்பவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சிவப்பு எண்ணெயில் மீன் முங்கிக் கிடந்தது, மேலே ஒரு பிடி வத்தல். ஒரு வாய் வைத்தேன். உறைப்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு. நாக்கில் எறும்பு ஊர்ந்தது. பிறகு உதடே இல்லை, தொட்டுப் பார்த்துத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். தண்ணீர் குடித்தால் தண்ணீர் புளிக்கிறது! கேட்டதற்கு, வெடித்த மிளகு மாதிரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டிச் சிரித்தான் லியாங். "ஏலே, என்னத்தலே போட்ட?" என்று அதட்டினேன். நாக்கு மரத்ததில் அது என்னவாக வெளியே வந்ததோ, இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். விசாரணைக்காக அதையும் தின்றேன். இரண்டிலும் ஒரே சரக்குதானா என்று ஒத்துப்பார்க்க மூன்றாவதும் தேவைப்பட்டது.

இன்று காலை கண்விழித்ததும் எனக்குச் சாமி நினைப்பு வரவில்லை. அந்தக் கிண்ணம்தான் வந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அது அபின்தான், சந்தேகமே இல்லை. ஆகையால் வியாழக்கிழமை வண்டியில் முத்துக்கனியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறேன். மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நீங்கள்தான் பேசி முடிக்கவேண்டும்.

உங்கள் மண்டியும் மக்களும் தழைத்திருக்கத் திருச்செந்தூர் முருகன் கண்பார்க்கட்டும். மதினிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மனம் நொந்த சொரிமுத்து

பின்குறிப்பு: இதை எழுதி நாலு நாளாகிறது, தபாலில் போட நேரம் வாய்க்கவில்லை. புதன்கிழமை முத்துக்கனியிடம் துணிமணியைக் கட்டச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். "அப்ப அவுகளுக்கு என் மீன்குழம்பு பிடிக்கலையாப்பா?" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கும் அது எறங்காதுப்பா. அவுக நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லுதாகளேன்னுதான் ரெண்டு வருசமா அதையே வச்சு நானும் முழுங்குதேன்." அன்று சாயங்காலமே மூவரும் போனோம். அவள் கண்ணில் நீர் வடிய வடியத் தின்றதை மாப்பிள்ளை தன் கிண்ணத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர்ப்பயணம் நின்றது. சம்பந்தி வீட்டில் எதுவும் பேசவேண்டாம். கருப்பட்டி வியாபாரம் மும்முரம், சொரிமுத்து சித்திரைக்குத்தான் வருவான் என்று வடிவம்மாளிடம் சொல்லவும். அந்த லியாங்மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. எனவே தினமும் நேரில் போய் உட்கார்ந்து அவனைக் கண்காணித்து வருகிறேன்.