ஐநூறாவது கையெழுத்து

புதன்கிழமை வரை சரியாக ஐநூறு இருந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் பாத்திரக்கடைக்காரர் செத்துப்போனதில் ஒன்று குறைந்துவிட்டது.

"ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனுஷன்" என்று மருந்துக்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அதைச் சாவு வீட்டு வாசலில் நின்று சொன்னதுதான் தப்பு. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். மருந்துக்காரர் துக்கம் தாங்காமல் சொன்னவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். துக்கமும் இருந்தது, அது பொய்யில்லை. மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து அவருடையது. நல்ல கையெழுத்து, முழுப் பேரும் தெரியும்.

அவர் மருந்துக்கடை வைத்திருந்தவர் இல்லை. மாநில அரசு ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் நின்றவர். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, மழுங்கிய கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுத்த கை அது. ஓய்வுபெற்ற நாளில் மாலையும் சால்வையும் வேண்டாம், அந்தக் கத்தியைக் கொடுங்கள் போதும் என்று கேட்டு வாங்கி வந்தார். கையெழுத்துகளையும் அதை வைத்துத்தான் ஐந்தைந்தாக எண்ணினார். வீட்டுக்கு வந்து, காலாவதியானதைக் கணக்கில் வைத்து இந்தக் கை யாருக்கும் கொடுத்ததில்லை என்று முணுமுணுத்தபடி, பாத்திரக்கடைக்காரர் பெயரைப் பச்சை மையால் அடித்தார்.

மனு இதுதான். நாடு முழுக்க ஒரே மருத்துவத் திட்டம் வரப்போகிறது. ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியிலும் வைத்தியம். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மருந்துக்காரர் சின்ன எழுத்தைப் படித்தே பழகியவர். பதினேழாம் பக்கத்தின் அடியில், நூறு படுக்கைக்குக் குறைந்த மாநில ஆஸ்பத்திரிகள் "அருகிலுள்ள பெரிய மையத்துடன் இணைக்கப்படும்" என்று இருந்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அறுபது படுக்கை. அருகிலுள்ள பெரிய மையம் தொண்ணூறு கிலோமீட்டர். அருகில் என்ற சொல்லை எழுதியவன் காரில் போகிறவனாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்துக்காரரின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அறுபது படுக்கை ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மிஷினில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் போக, தொண்ணூறு வர, நடுவில் நாலு மணி நேரம் ஊசி. ஒரு மாதம் தாங்குவாளா?

மாநிலம் சம்மதிக்காமல் திட்டம் உள்ளே வர முடியாது; சம்மதிக்கக் கூடாது என்பதுதான் மனு. திங்கட்கிழமை சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு. ஐநூறு வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனு வந்தால் தொகுதி உறுப்பினர் அதை அவையில் படித்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மனு ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுக்கப் போய்விடும்.

தெருவில் கையெழுத்துப் போடாத வாக்காளர் ஒரே ஒருவர்தான் பாக்கி. அவர் மருந்துக்காரர் வீட்டிலேயே இருந்தார்.

முதல் நாளே கேட்டாகிவிட்டது. முதல் கையெழுத்தைத் தானே போட்டு, இரண்டாவது உன்னுடையது என்று பேனாவை நீட்டினார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள், பேனாவை வாங்கவில்லை.

"ஸ்வெட்டர்க்கா இடம் காலியா இருக்குங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ஸ்வெட்டர்க்கா. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு வருவாள். போன மாதம் முறை தள்ளித் தள்ளிப் போய், ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை.

"அதுக்குத்தானே சொல்றேன், இருக்குற ரெண்டு மிஷினையும் காப்பாத்தணும்."

"ரெண்டு இல்லைங்க. ஒண்ணு."

ஒன்று பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று தடவை செய்ய வேண்டியது ஒரு தடவையானதும் அப்போதுதான். அட்டை வந்தால் எதிர்த் தெருத் தனியார் ஆஸ்பத்திரியில் நாலு மிஷின் சும்மா கிடக்கிறது என்பது அவள் பேச்சு. அட்டையை அவன் மதிப்பானா, உனக்கு முந்தி காசு கொடுக்கிறவனைப் படுக்க வைப்பானா என்பது அவர் பேச்சு. இரண்டு பேரும் சொன்னது சரிதான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள்தான் இல்லை. அதற்குப்பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. இரண்டாவது தரம் கேட்கக்கூடாது என்று அவரும் வீம்பாக இருந்தார்.

ஆகவே வெளியே ஆள் தேடினார்.

பக்கத்து மாடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருத்தர் புதிதாகக் குடிவந்திருந்தார். தண்ணீர்க் குழாய் சம்பந்தமான மனு என்று நினைத்து, குழாய்க்காரர்கள் பரம்பரையையே திட்டிக்கொண்டு, பாத்திரக்கடைக்காரர் பெயருக்குக் கீழே இடுக்கில் அழுத்திப் போட்டார். ஐநூறு ஆகிவிட்டது என்று மருந்துக்காரர் படி இறங்கும்போதுதான் வாக்காளர் எண்ணைப் பார்த்தார். வேறு தொகுதி. அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஒரே தாளில் இரண்டு அடித்தல். மருந்து கவுண்டரில், தூக்க மாத்திரைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் இரண்டு அடித்தல் விழுந்தால் அந்தப் பக்கமே செல்லாது, புதிதாக எழுத வேண்டும். மனுவுக்கு அப்படி ஒரு விதி கிடையவே கிடையாது. மருந்துக்காரருக்கு இருந்தது. தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். போட்ட பிறகுதான் அதில் உயிரோடு இருக்கிறவர்கள் பத்தொன்பது பேர் இருந்தது உறைத்தது.

ஒன்று குறைந்தது போய் இருபது குறைந்தது. பச்சைப் பேனாவைத் தேடினால் அதையும் காணோம். ஒரு மாதத்தில் நாலாவது பேனா. கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவோடு போய்விடுகிற ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன மனு கொடுப்பது என்று எரிச்சலோடு, கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்.

தையல்கார அக்கா மிதியிலிருந்து காலை எடுக்காமலே பேனாவை வாங்கினாள். "இதுவும் அதே எடத்துலயாண்ணே?"

"எந்த எடத்துல?"

அவள் பல்லில் கடித்திருந்த நூலைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டாள். மிஷின் அதிர்ந்ததில் கையெழுத்தும் அதிர்ந்து விழுந்தது.

சாவு வீட்டிலிருந்து வந்து கடையைத் திறந்திருந்த சலூன்காரர், முந்தாநாள் சாயங்காலம்தானே போட்டேன் என்றார். போன மாதம் போட்டது என்று மருந்துக்காரர் திருத்தினார். அப்படியா, இருக்கும் இருக்கும் என்று சோப்புக் கையோடு போட்டுக் கொடுத்தார். பாதி முகம் மழித்திருந்த எலக்ட்ரீஷியனும் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினார். "குடுங்க மாமா. இந்தத் தெருவுல யாரு நீட்டுனாலும் போட்டுட்டுத்தான் இருக்கேன்."

நாட்டு நிலைமையைச் சொல்கிறார் என்று மருந்துக்காரர் எடுத்துக்கொண்டார்.

பதினெட்டு சேர்ந்தது. பத்தொன்பதாவது ஆளான இஸ்திரிக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார், இனி ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்றார்கள். மருந்துக்காரர் அறுபத்து நாலு வயதில் பஸ் நிலையத்துக்கு ஓடினார். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இஸ்திரிக்காரரின் தலை தெரிந்தது. கூடவே ஓடியபடி தாளை நீட்டினார். அவர் அதை ஜன்னல் கம்பியில் வைத்துப் போட்டார். கொண்டைபோல ஆரம்பித்து வால்போல இழுத்துக்கொண்டு போனது அந்தக் கையெழுத்து. தாளைத் திருப்பிக் கொடுத்தவர், பேனாவைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

இவ்வளவு பாடுபட்டும் காலையில் இருந்த அதே நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

வீடு பூட்டியிருந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் ஒரு மாதமாக மனைவி தினமும் சாயங்காலம் நீலக் கட்டம் போட்ட துணிப்பையை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய்வருவாள். போய்வந்தால் கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். இவ்வளவு நடக்கச் சொல்லவில்லையே என்று அவர் திட்டினால், கடைசி வீடு வரைக்கும் போனால்தான் மனசு ஆறுகிறது என்பாள். ஆனால் இன்று மத்தியானமே போயிருந்தாள்.

இருட்டப்போகும் நேரத்தில் தையல்கார அக்கா அவளை ஆட்டோவிலிருந்து தாங்கி இறக்கினாள். நூல் வாங்கப் போனோம், துணைக்குக் கூட்டிப்போனேன் என்றாள். டயாலிசிஸுக்கு முந்தின நாள் எழுந்து நிற்கவே முடியாதவளை நூல் கடைக்கு இழுத்துப்போன இவளை என்ன செய்யலாம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பை எங்கே?" என்றார்.

"மறந்து வச்சுட்டு வந்துட்டேன்" என்று சொல்லி, அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். அவர்தான் கழற்றினார். வார் பதிந்த இடத்தில் பள்ளமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி முறை. ஒற்றை மிஷின் ஆனதால் பதினொன்று என்றால் ஒன்று, ஒன்று என்றால் இரண்டு. பெஞ்சில் ஸ்வெட்டர்க்காவின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் நெருக்கியும் அந்த அளவு மட்டும் விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்காரர் நின்றுகொண்டே மனுக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வருகிற போகிறவர்களிடம், நீங்கள் இந்தத் தொகுதியா என்று கேட்டார். எல்லாரும் வெளியூர். இந்த ஒரு மிஷினை நம்பி எத்தனை ஊரிலிருந்து வருகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஒன்றரை மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டாள். மனைவி சுவரைப் பிடித்து எழுந்தாள். இரண்டடி போனவள் நின்றாள்.

"எத்தனை குறையுது?"

அவர் ஒரு விரலைக் காட்டினார்.

ஊசி குத்திக் குத்தி முடிச்சுமுடிச்சாகப் புடைத்திருந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மறுபடி உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள். "குடுங்க."

"படிச்சுப் பார்த்துட்டுப் போடு."

"நீங்க எழுதினதுதானே."

மெதுவாகப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவளின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். நினைத்தும் தாளை உள்ளே வைக்காமல் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கிளம்புங்க. அஞ்சு மணிக்குள்ள போகணும்ல."

"உன்னை விட்டுட்டா?"

"நாலு மணி நேரம் கட்டிப்போடப் போறாங்க. நான் எங்கே ஓடிப்போகப் போறேன்."

தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் உறுப்பினரைத் தவிர எல்லாம் இருந்தது. அவருடைய படம் மட்டும் நாலு இருந்தது. கூரையைத் தொடும் அளவுக்கு மனுக்கட்டுகள். ஒரு கட்டின்மேல் மின்விசிறி, இன்னொன்றின்மேல் சாப்பாட்டுப் பாத்திரம். ஜனங்களின் வயிற்றெரிச்சலை இப்படி அடுக்கி வைத்து அதன்மேல் காற்று வாங்குகிறார்கள் என்று மருந்துக்காரர் நினைத்தார். ஆனாலும் வரிசையில் பயபக்தியோடுதான் நின்றார்.

நாலே முக்காலுக்கு அவர் முறை வந்தது. பதிவு எழுத்தர் ஒரு சின்ன வயதுப் பெண். வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக டிக் அடித்தாள். தையல்கார அக்காவின் அதிர்ந்த கையெழுத்தில் லேசாகச் சிரித்தாள். இஸ்திரிக்காரரின் வாலில் நின்று பார்த்தாள். கடைசிப் பெயருக்கு வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது.

"இவங்க யாரு சார்?"

"என் வீட்டுக்காரி. ஏன், எண் தப்பா?"

எண் சரிதான், ஐநூறும் சரிதான் என்றாள். முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நீலக் கட்டம் போட்ட துணிப்பை.

உள்ளே தாள்கள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும் கையால், "எல்லாருக்கும் அட்டை தரும் புதிய மருத்துவத் திட்டத்தை உடனே ஏற்கும்படி" என்று தலைப்பு. கீழே முதல் பெயர் அவளுடையது. அதற்கும் கீழே தையல்கார அக்கா, சலூன்காரர், எலக்ட்ரீஷியன், இஸ்திரிக்காரர். பாத்திரக்கடைக்காரர் பெயர்மேல்கூட ஒரு கோடு. எல்லாம் பச்சை மை. காணாமல் போன பேனாக்கள் எல்லாம் இங்கேதான் தீர்ந்திருந்தன.

முகத்துக்கு நேராகச் சிரித்துவிட்டு இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது தெரு. அந்த வீங்கின காலோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள், அவருக்கு எதிராக. அவருக்குக் காது சுட்டது. ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணக் கத்தி இல்லாமல், விரலாலேயே தள்ளித் தள்ளிக் கடைசித் தாளுக்கு வந்தார். அடியில் எண் மட்டும் போட்டு ஒரு வரி வெறுமையாக இருந்தது.

எழுத்தர் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் பேனாவை மூடி கழற்றி, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"நேத்து கொண்டு வந்தாங்க சார், ஒண்ணு குறையுது, செல்லாதுன்னு சொன்னேன். அது எங்க வீட்டுக்காரரோட வரி, அவரு மனசார வந்தா போடட்டும், நீங்களா கேட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."