கருவாட்டு மண்டோரின் மூக்குப் பரிசோதனை

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தையில் நாங்கள் எல்லோரும் கொரோனா நோய்க்குப் பயந்தோம். நோய் பயந்தது கருவாட்டு மண்டோர் ஒருவருக்குத்தான். அவர் எந்தத் தோட்டத்திலும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்ததில்லை. கருவாடு விற்பவர். அதட்டும் குரலுக்காகக் கிடைத்த பட்டம் அது.

எதிர்க்கடையில் மளிகை விற்றபடி நாட்குறிப்பு எழுதுபவன் நான். நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து சந்தை திறந்தது ஒரு வியாழக்கிழமை. அவருடைய ஆட்சியும் அன்றே தொடங்கியது. கை கழுவாதவருக்குக் கருவாடு இல்லை. பேரம் பேசினால் எச்சில் தெறிக்குமாம். விலையை விரலால் காட்ட வேண்டும். அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நோய் வீட்டுக்குள் வந்தால் அந்த அக்கா தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பொறுத்துக்கொண்டோம்.

நோய் வந்தால் வாசனை தெரியாது என்று பிறகு எங்கோ கேள்விப்பட்டார். மறுநாள் முதல், திருக்கைக் கருவாடு ஒன்றைக் கம்பில் கட்டி, வருபவர் மூக்கருகே நீட்டினார். முகம் சுளித்தால்தான் வியாபாரம். கருவாட்டுப் பிரியர் ஒருவர் சுளிக்காமல் சப்புக்கொட்டினார். சந்தேகத்தின் பேரில் அவரைக் கிளினிக்குக்கு விரட்டினார்.

"நீங்க மோந்து பாத்தீங்களாண்ணே?" என்று காய்கறிக்காரப் பெண் கேட்டாள்.

"எனக்கு இந்த வாடை தெரியாமப் போயி முப்பது வருசமாச்சு, தங்கச்சி. நீ மோந்து பாருலா."

மூன்றாம் வாரம் சுகாதார அதிகாரி வந்தார். கம்பைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். மோந்து பார்க்க எல்லோரும் முகக்கவசத்தை இறக்கத்தானே வேண்டும் என்று அமைதியாகக் கேட்டார்.

மண்டோர் கம்பை இறக்கி வைத்தார். கடையை மூடினார். வீட்டுக்குப் போகாமல், சந்தைக்குப் பின்னாலிருந்த தம் கிடங்கில் பாய் விரித்தார். அங்கிருந்து மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கேட்டப் பூட்டிக்க. நானே வந்து கூப்பிட்டாலும் தொறக்காத."

ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் இறந்தார். மனைவிக்கு ஒன்றும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த அக்கா கடையைக் காலி செய்ய வந்தார்.

"எல்லாரையும் ரொம்பத் தொல்லை பண்ணினாராமே, தம்பி?"

"ஆமாக்கா, ரொம்ப" என்றேன்.

எங்கள் வரிசையில் வேறு எந்தக் கடையிலும் நோயால் ஆள் குறையவில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கூடைகளை லோரியில் ஏற்றிக் கொடுத்தேன்.