லோரியில் லத்தீன்

கிள்ளான் துறைமுகத்துக்கு எத்தனையோ ஆயிரம் லோரிகள் வந்து போகின்றன. அவற்றில் லத்தீன் பேசிய லோரி ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் கம்பெனியுடையது. ஓட்டியவர் லத்தீன் அண்ணே, பக்கத்துப் பண்டமாரான் ஊர்க்காரர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவர் லத்தீன் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு கடிதம். பல வருஷம் லோரி ஓட்டியவர், ஆபீஸ் வேலைக்கு மனுப் போட்டார். நிர்வாகம் ஆங்கிலத்தில் பதில் அனுப்பியது. கஸ்டம்ஸ் படிவங்களில் 'டிக்ளேர்' என்ற சொல்லைத் தினமும் பார்த்துப் பழகிய கண், கடிதத்திலிருந்த 'டிக்ளைன்' என்ற சொல்லையும் அப்படியே படித்துவிட்டது.

"என்னை ஆபீசரா டிக்ளேர் பண்ணிட்டானுங்க லா!" என்று எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது ரொட்டியின் நடுவில்தான் ஆபீஸ் கிளார்க்கான நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன்.

"அண்ணே... இது டிக்ளேர் இல்ல, டிக்ளைன். வேலை இல்லைன்னு எழுதியிருக்காங்க."

சிரித்த வாயை மூட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தடித்த பழைய புத்தகத்தோடு வந்தார். லத்தீன் வேர்களைப் பிடித்து ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொள்ளும் புத்தகம். துறைமுக வாசலில் லோரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள்; இவர் சொற்களை உரிப்பார்.

"டிக்ளைன் பாத்தியா மாலதி? டீ-ன்னா கீழே. க்ளைன்-னா சாய். என்னைக் கீழ சாய்ச்சிட்டானுங்க. இப்பதான் புரியுது."

அதன்பிறகு அவர் கையில் சிக்கிய எந்தச் சொல்லும் முழுசாகத் திரும்பவில்லை. கிளினிக்கில் ஊசியைப் பார்த்ததும், "டாக்டர், இன்ஜெக்‌ஷன்னா உள்ளே வீசுறதுன்னு அர்த்தம். நீங்க வீசாதீங்க, மெதுவா குத்துங்க" என்றார். மேனேஜரிடமே போய், "பாஸ், மேனேஜர்ங்கிறது கைங்கிற வேர்லேர்ந்து வந்திச்சு. பார்க்கப்போனா நீங்க வெறும் கை" என்றார். மேனேஜர் அன்று முழுக்கக் கைகளை மேசைக்கடியிலேயே வைத்திருந்தார்.

ஆபீஸே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான்.

அப்புறம் ஒருநாள் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சதையை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று தாதி காகிதத்தைக் கொடுத்து, டாக்டர் கூப்பிடும்வரை உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சரக்குப் படிவங்களில் வரும் ஆங்கிலம்தான். 'பினைன்' என்று இருந்தது. போனில் தேட விரல் வரவில்லை. அது என்ன சொல்லுமோ என்று பயம். படமெடுத்து லத்தீன் அண்ணேவுக்கு அனுப்பினேன். ஏன் அவருக்கு என்று யோசிக்கக்கூட இல்லை.

உடனே போன் வந்தது. பின்னால் ஏகப்பட்ட ஹாரன் சத்தம். வரிசை நகர்ந்தும் இவர் லோரியை எடுக்கவில்லை.

"அழாதே மாலதி, கேளு! பினைன் வந்தது பெனே-ங்கிற வேர்லேர்ந்து. பெனே-ன்னா நல்லது. பெனிஃபிட்ல இருக்கு பாரு, அதே வேர். மால்-னாதான் கெட்டது. அது உன் பேர்லதான் இருக்கு, அம்மா ரிப்போர்ட்ல இல்ல!"

"நிஜமாவா அண்ணே?"

"நல்லதா பொறந்ததுன்னு அர்த்தம் லா. கட்டிகூட நல்லதா பொறந்திருக்கு!"

அந்த நாற்காலிகளுக்கு நடுவில் நான் அழுதுகொண்டே சிரித்தேன். டாக்டர் பிறகு அதையேதான் சொன்னார், லத்தீன் இல்லாமல்.

அடுத்த வருஷம் லத்தீன் அண்ணே யாரிடமும் காட்டாமல், தானே ஆங்கிலத்தில் மனு எழுதி, ஜொகூரில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை வாங்கிவிட்டார். குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். என் மெசேஜுக்குப் பதில் வர இப்போது நாலு நாள் ஆகிறது. மதியத்தில் லோரிகள் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் என் கண் இன்னும் போகிறது.

அவர் கிளம்பிய அன்று எல்லோரையும்போல நானும் "நல்லா இருங்கண்ணே" என்றேன். இங்கேயே இருங்கண்ணே என்று சொல்லத்தான் வாய் வரை வந்தது.